திரையை விட்டுக் கிளம்பும் ஃபிரேம்பஃபர்: அன்றும் இன்றும்

திரையில் தெரியும் ஒவ்வொரு புள்ளியும் நினைவகத்தில் ஓரிடத்தில் எண்ணாக இருக்கிறது. அந்த இடத்துக்கு ஃபிரேம்பஃபர் என்று பெயர். 1990களின் பிசியில் எழுத்துத் திரை என்பது 25 வரி, வரிக்கு 80 எழுத்து. ஓர் எழுத்துக்கு 2 பைட் என்று 4,000 பைட்டில் முழுத் திரையும் அடங்கிவிடும். இன்று 3840 × 2160 புள்ளிகள் கொண்ட திரையில், புள்ளிக்கு 4 பைட் வீதம், ஒரே ஒரு படத்துக்கு 3 கோடியே 31 லட்சத்து 77 ஆயிரத்து 600 பைட் வேண்டும். இந்த வளர்ச்சி எவர் கண்ணுக்கும் தெரியும். கண்ணுக்குத் தெரியாத மாற்றம் இன்னொன்று உண்டு. அன்று அந்த இடம் கணினியை அணைக்கும்வரை அசையாது இருந்தது. இன்று நொடிக்கு 60 முறை ஒரு படம் விலகி இன்னொன்று அமர்கிறது. நிரல்கள் ஃபிரேம்பஃபர்களை உருவாக்குகின்றன, நீக்குகின்றன, சில சமயம் நீக்காமலே செத்துப்போகின்றன. உருவாக்குவதை லினக்ஸ் கெர்னல் விரைவில் கற்றுக்கொண்டது. நீக்குவதைக் கற்கத்தான் அதற்கு வெகுகாலம் ஆயிற்று.

லினக்ஸின் பழைய ஃபிரேம்பஃபர் ஏற்பாடான எஃப்பிடெவ், மோட்டோரோலா 68000 வகைச் சில்லு கொண்ட அமிகா போன்ற கணினிகளுக்காக எழுதப்பட்டது. பிசியைப் போலத் தனி எழுத்துத் திரை அவற்றில் இல்லை. எழுத்தையும் படமாகத்தான் வரைய வேண்டும். டெவ் அடைவில் எஃப்பி0 என்றொரு கோப்பு இருக்கும். அதைத் திறந்து ஓர் எண்ணை எழுதினால் திரையில் ஒரு புள்ளி மின்னும். கோப்பை நகலெடுத்தால் அதுவே திரைப்பிடிப்பு. ஒரு கணினியில் அதிகபட்சம் 32 ஃபிரேம்பஃபர்கள். பெரும்பாலானவற்றில் இருந்தது ஒன்றே. வரைகலைக் கார்டு கணினிப் பெட்டிக்குள் திருகி வைக்கப்பட்டிருந்தது. அதைக் கழற்றுவது கணினியை அணைத்த பிறகு நடக்கும் வேலை. ஆகவே, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபிரேம்பஃபர் காணாமல் போனால் என்ன செய்வது என்ற கேள்வி அதிகம் எழவில்லை.

2009 மார்ச்சில் வந்த லினக்ஸ் 2.6.29 பதிப்பு, திரையின் அளவையும் வேகத்தையும் அமைக்கும் பொறுப்பைக் கெர்னலுக்குள் கொண்டுவந்தது. அன்றுவரை வரைகலைத் திரையை நடத்தும் எக்ஸ் சர்வர் என்ற நிரல் சூப்பர்யூசர் அதிகாரத்தோடு கார்டை நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தது. புதிய ஏற்பாட்டில் ஒரு கைமாற்றம் தவிர்க்க முடியாததாயிற்று. கணினி விழித்தவுடன் ஃபர்ம்வேர் தந்த எளிய ஃபிரேம்பஃபர், உரிய டிரைவர் வரும்வரை, பேருந்து இருக்கையில் போட்ட துண்டுபோல இடம் பிடித்து வைத்திருக்கும். டிரைவர் வந்ததும் துண்டை எடுத்தாக வேண்டும். எடுக்கும் நேரத்தில் யாரோ ஒரு நிரல் அதே எஃப்பி0 கோப்பைத் திறந்து வைத்திருந்தால்?

பழைய முறையில், நிரல் ஒவ்வொரு முறை எழுதும்போதும் கெர்னல் 0 என்ற எண்ணில் அப்போது யார் இருக்கிறார் என்று பார்த்தது. பழையதைத் திறந்தவர் தம்மை அறியாமல் புதியதில் எழுதிக்கொண்டிருப்பார். அல்லது விடுவிக்கப்பட்ட நினைவகத்தைத் தொட்டுக் கணினியைக் கவிழ்ப்பார். 2011இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தாமே இந்தப் பகுதியைத் திருத்தினார். திறந்தபோது இருந்த ஃபிரேம்பஃபரோடு கோப்பு பிணைக்கப்பட்டது. எத்தனை பேர் அதைப் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையும் சேர்ந்தது. இப்போது பழையதைப் பிடித்திருப்பவருக்கு, அப்படியொரு சாதனம் இல்லை என்ற பிழை கிடைக்கும். கணினி நிற்காது.

புதிய கிராபிக்ஸ் பிரிவான டிஆர்எம்மிலும் இதே பாடம் படிக்கப்பட்டது. அங்கும் தொடக்கத்தில் எண்ணிக்கை இல்லை. ஃபிரேம்பஃபர் போகிறதென்றால் அதைக் காட்டும் திரைகளை அணைத்துவிட்டு உடனே அழித்துவிடுவார்கள். எல்லாம் ஒரே பெரிய பூட்டின் கீழ். மானிட்டரிடம் அதன் விவரத்தைக் கேட்டுப் பெறும் மெதுவான வேலைக்கும் அதே பூட்டு என்பதால், அந்த நேரத்தில் மவுஸ் அம்பு திக்கும். 2012இல் ராப் கிளார்க் எண்ணிக்கையைக் கொண்டுவந்தார்; அடுத்த ஆண்டு டேனியல் வெட்டர் பூட்டுகளைப் பிரித்தார். கடைசியாகப் பிடித்திருப்பவர் விட்ட பிறகே நினைவகம் விடுவிக்கப்படும் என்பது விதியாயிற்று.

ஆனால் பழைய வழக்கம் எளிதில் போகவில்லை. திரையில் காட்டப்படும் ஃபிரேம்பஃபரை நிரல் நீக்கினால் திரை அணையும் என்பது முதலிலிருந்தே வந்த நடத்தை. இதை எவரும் நம்பியிருக்க மாட்டார்கள் என்றெண்ணி ஒருமுறை மாற்றினார்கள். படம் திரையிலேயே நின்றது. விஎம்வேர் மெய்நிகர் கணினிகளின் வரைகலை மென்பொருள் அதனால் உடைந்தது. பழைய நடத்தை திரும்ப வந்தது. பின்னர் அது பக்குவப்பட்டது: இன்று கெர்னல் முதலில் அந்தப் படத்தின் அடுக்கை மட்டும் அணைத்துப் பார்க்கும், டிரைவர் மறுத்தால்தான் திரை முழுவதையும் அணைக்கும். சாகும் தறுவாயில் உள்ள நிரலின் பெயரில் இந்த வேலையைச் செய்தால் குறுக்கிடும் சிக்னலால் அது பாதியில் நிற்கக்கூடும். ஆகவே கெர்னலின் தனிப் பணிவரிசையிடம் அது ஒப்படைக்கப்படுகிறது. படத்தை விட்டுவிட்டுத் திரையை அப்படியே வைக்க விரும்புவோருக்கு, அண்மையில் குளோஸ்எஃப்பி என்ற தனி அழைப்பு வந்தது. தொடக்கப் படத்திலிருந்து நுழைவுத் திரைக்குக் கறுப்பு இடைவெளியின்றிச் செல்ல அது வழி திறந்தது.

பெற்றவை இவை. இழந்தவையும் உண்டு. சில வரிகளில் ஒரு புள்ளி வரைந்த மாணவர், இன்று இணைப்பியைத் தேடி, அதன் திரை அளவைக் கேட்டு, நினைவகம் ஒதுக்கி, அதை ஃபிரேம்பஃபராகப் பதிந்து, பிறகே வரைய முடியும். கெர்னலின் எழுத்துத் திரையில் ஷிஃப்ட்டோடு பேஜ்அப்பை அழுத்தி மேலே ஓடிப்போன வரிகளைப் பார்க்கும் வசதி, பராமரிக்க ஆளின்றிப் பாதுகாப்பு ஓட்டையானதால் 2020இல் நீக்கப்பட்டது. எஃப்பி0 கோப்பே இல்லாமல் கெர்னலைக் கட்டும் வழி 2023இல் வந்தது. ஒன்று மட்டும் போய்த் திரும்பியிருக்கிறது. எழுத்துத் திரை நாளில் கெர்னல் நிலைகுலைந்தால் காரணம் திரையிலேயே தெரியும், வரைகலைத் திரை வந்தபின் அது படத்துக்குப் பின்னால் மறைந்தது, 2024இன் 6.10 பதிப்பிலிருந்து, ஆதரவுள்ள டிரைவர்களில் அந்தச் செய்தி மீண்டும் திரைக்கு வருகிறது.

எளிமையைக் கொடுத்து நம்பகத்தை வாங்கினோம்; திரைகள் யுஎஸ்பி கம்பியில் வந்து போகும் காலத்தில் இந்தப் பண்டமாற்று நியாயமானதே. புதிதாக டிரைவர் எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள்: படம் திரையில் தோன்றியதும் வேலை முடிந்ததென்று எண்ணாதீர்கள். ஒரு நிரல் வரைந்துகொண்டிருக்கும்போதே கம்பியைப் பிடுங்குங்கள், நிரலைக் கொல்லுங்கள், டிரைவரை இறக்குங்கள். அதன் பிறகும் கணினி ஓடினால்தான் அந்த டிரைவர் முழுமையானது.