எந்த வாசல் அருகில்?

பெருநாளைக்கு வீட்டிலேயே கேக் செய்யும் சகோதரிகளே! மணல் பரப்பிய பாத்திரத்தில் வேகவைத்தாலும், மின்சார அடுப்பில் வேகவைத்தாலும், இறக்கியதும் முதல் தட்டு யாருக்கு?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இதனையொத்த வினாவொன்றை நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். அண்டை வீட்டார் இருவர் இருக்க, அன்பளிப்பை எவருக்கு அனுப்புவது? எவருடைய வாசல் அருகில் உள்ளதோ அவருக்கு என்றே விடை கிடைத்தது. இது புகாரி ஷரீபில் உள்ள செய்தி. உறவையோ இனத்தையோ கூறாது, வாசலையே நாயகம் அவர்கள் அளவுகோலாக்கினார்கள்.

கீழச்சிவல்பட்டி போன்ற செட்டிநாட்டு ஊர்களில் இவ்வளவுகோல் சற்றே சிக்கலானது! முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் மறு தெருவிலுமாக நீளும் வீடுகள் அங்கு உண்டு. இரு தெருவுக்கும் அனுப்பிவிடுவதே நலம்.

அடுத்த வீட்டார் மாற்று மதத்தவராயின்? தம் இல்லத்தில் ஆடு அறுக்கப்பட்டபோது, யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் இருமுறை வினவியதைத் திர்மிதியில் காணலாம்.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். முட்டையே தொடாத வீடுகள் உண்டு. வெள்ளிக்கிழமை மட்டும் விலக்கும் வீடுகளும் உண்டு. பெருநாள் வெள்ளியன்று வந்துவிட்டால்? முட்டைக்குப் பதில் தயிர் சேர்த்து, தனிப் பாத்திரத்தில் ஒரு கேக் செய்யுங்கள். முட்டை சேர்க்கவில்லை என்பதையும் தட்டெடுத்துச் செல்லும் பிள்ளையிடம் மறவாது சொல்லி அனுப்புங்கள்.