உங்களுக்குத் தெரியுமா? கொச்சியின் மட்டாஞ்சேரியை ஒரே நாளில் சுற்றலாம்!

எர்ணாகுளம் ஜெட்டியில் அரசுப் படகுக்கு டிக்கெட் எடுத்து ஏறி உட்காருங்கள். சினிமா டிக்கெட் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது! அந்தக் காசில் போர்ச்சுகல், ஹாலந்து, சீனா, ஜெருசலேம், குஜராத், கோவா எல்லாம் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம்!

படகு கிளம்பியதும் கண்ணில் படும் வில்லிங்டன் தீவின் பெரும்பகுதி, இயற்கை தந்ததே அல்ல! கப்பல் வருவதற்காக ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர் காயலைத் தோண்டினார். தோண்டிய மண்ணைக் கொட்டிக் கொட்டியே தீவைப் பெரிதாக்கிவிட்டார். அதில் துறைமுகம், ரயில் நிலையம், விமானதளம் எல்லாம் வந்தன!

கொச்சித் துறைமுகத்தையே ஒரு வெள்ளம்தான் பெற்றெடுத்தது! 1341-ல் பெரியாறு பொங்கியது. சங்கப் புலவர்கள் பாடிய முசிறி மண் மூடிப்போனது. இந்தப் பக்கம் கொச்சியில் கடல் வாய் திறந்தது. மிளகுக் கப்பல்கள் அத்தனையும் இங்கே திரும்பின!

மட்டாஞ்சேரியில் இறங்கியதும் டச்சு அரண்மனை. கட்டியது டச்சுக்காரர்கள் என்றுதானே நினைத்தீர்கள்? இல்லவே இல்லை! 1555 வாக்கில் போர்ச்சுகீசியர் கட்டி, கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தார்கள். நூறாண்டு கழித்து வந்த டச்சுக்காரர்கள் பழுதுதான் பார்த்தார்கள். பெயர் மட்டும் அவர்களுக்குப் போய்விட்டது!

அந்த ராஜாவின் பள்ளியறையில் சுவர் முழுக்க ராமாயணம்! தசரதரின் யாகத்தில் தொடங்கிக் காட்சிமேல் காட்சியாக ஓடுகிறது. மஞ்சள், காவி, பச்சை என்று எல்லாம் இயற்கை வண்ணம். ஓர் அங்குல இடத்தைக்கூடச் சும்மா விடவில்லை. முகம், மாலை, மரம், மிருகம் என்று நெருக்கியடித்து நிற்கின்றன. என்னைக் கேட்டால், கொச்சியில் வேறெதையும் பார்க்க நேரமில்லை என்றாலும் இந்த ஒரு அறையைப் பார்த்தே ஆக வேண்டும்!

இந்த அரண்மனை வளாகத்துப் பகவதி கோயிலும், யூதர்களின் பரதேசி ஜெப ஆலயமும் அடுத்தடுத்து, ஒட்டினாற்போல் நிற்கின்றன! ஜெப ஆலயம் கட்ட நிலம் கொடுத்ததே கொச்சி ராஜாதான். கட்டிய ஆண்டு 1568!

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெறுங்காலோடு நீங்கள் மிதிப்பது சீனா! 18-ஆம் நூற்றாண்டில் கேன்டன் நகரிலிருந்து கப்பலில் வந்த வெள்ளைப் பீங்கான் ஓடுகள். எல்லாவற்றிலும் நீல நிறச் சித்திரம், எல்லாமே கையால் தீட்டியது. குனிந்து பக்கத்துப் பக்கத்து ஓடுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கோடு அங்கே தடிப்பு, இங்கே மெலிவு. ஒரு கிளை அங்கே நீளம், இங்கே குட்டை. அச்சு எடுத்ததுபோல் இரண்டு கிடைக்காது! தலைக்கு மேலே பெல்ஜியம் கண்ணாடி விளக்குகள்!

வெளியே 1760-ல் எழுந்த மணிக்கூண்டு. ஒரே கடிகாரம், ஆனால் முகத்துக்கு முகம் எழுத்து வேறு! ராஜாவுக்கு மலையாள எண்கள். வழிபட வருவோருக்கு எபிரேய எழுத்து. வணிகர்களுக்கு ரோமன் எண்கள். ‘நேரம் தெரியவில்லை’ என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது!

இனி வருவது நமக்கே நமக்கான செய்தி! கொச்சி யூதர்கள் உயிருக்கு உயிராகக் காத்த செப்பேடுகளை எந்த எழுத்தில் பொறித்திருக்கிறார்கள் தெரியுமா? நம்முடைய வட்டெழுத்தில்! சுமார் 1000-மாவது ஆண்டில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்கு எழுதிக் கொடுத்தது. பகல் விளக்கு, நடக்க விரிக்கும் பாவாடை, பல்லக்கு, குடை, பறை, தோரணம்... பெரிய மனிதர்களுக்கு மட்டுமே உரிய மரியாதைகள் எல்லாம் பட்டியலில் உண்டு. மொத்தம் 72 உரிமைகள்! தஞ்சையில் பெரிய கோயில் எழுந்துகொண்டிருந்த அதே காலத்தில்!

1968-ல் இந்த ஜெப ஆலயத்துக்கு 400 வயது. விழாவுக்கு வந்தவர் பிரதமர் இந்திரா காந்தி. தபால் தலையும் வெளியானது. இன்று இங்கே பிறந்து வளர்ந்த பரதேசி யூதர்களை எண்ண ஒரு கைவிரல்கள்கூட வேண்டாம்!

மட்டாஞ்சேரியின் இன்னொரு ஜெப ஆலயத்தைப் பார்க்க வேண்டுமா? ஜெருசலேம் போங்கள்! கடவும்பாகம் ஜெப ஆலயத்தின் மரச்சிற்பக் கூரையையும் உள் அலங்காரங்களையும் பிரித்து எடுத்துப்போய், இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் அப்படியே மறுபடி பொருத்தி வைத்திருக்கிறார்கள். கேரளத் தச்சர்களின் உளி ஜெருசலேமில் பேசுகிறது!

ஒரு முக்கியத் தகவல். அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை. ஜெப ஆலயத்துக்குச் சனி விடுமுறை. இரண்டு நாளையும் விட்டுவிட்டுக் கிளம்புங்கள்!

யூதத் தெருவில் நடந்தால் மூக்குதான் வழிகாட்டி! மிளகுக்கென்றே தனியாக ஒரு முன்பேர வணிகச் சந்தை இங்கேதான் 1957-ல் தொடங்கியது. பங்குச் சந்தைபோலக் கூவிக் கூவி ஏலம் நடந்தது. இன்னும் விளையாத மிளகுக்கு அன்றே விலை பேசினார்கள்!

பஜார் ரோட்டுப் பழைய கிடங்குகளுக்குள் எட்டிப் பாருங்கள். முற்றம் முழுக்கச் சுக்கு காயும். பெண்கள் முறத்தில் அள்ளிப் புடைத்து, பொடி வேறு, கட்டை வேறு என்று பிரித்துப் போடுவார்கள். சுண்ணாம்பு பூசிய சுக்கு வெள்ளை வெளேரென்று இருக்கும். வாசலில் ஒரு நிமிடம் நின்றால் போதும். தும்மல் நிச்சயம்!

இந்தத் துறைமுகத்தில் அன்று வேலைக்கு ஆள் எடுத்த விதம் தெரியுமா? காத்திருக்கும் கூட்டத்துக்குள் மூப்பன் என்ற மேஸ்திரி உலோக வில்லைகளை வீசுவார். அதற்குப் பெயர் சாப்பா. விழுந்து புரண்டு பிடித்தவனுக்கு அன்று கூலி. பிடிக்காதவன் வீட்டில் அடுப்பு எரியாது! 1953 செப்டம்பர் 15-ல் தொழிலாளர்கள் இதை எதிர்த்துத் திரண்டார்கள். போலீஸ் அடக்குமுறையில் 3 உயிர்கள் போயின. அந்த மூவரை மட்டாஞ்சேரி இன்றும் மறக்கவில்லை!

1653 ஜனவரி 3. ஆயிரக்கணக்கான சிரியன் கிறிஸ்தவர்கள் மட்டாஞ்சேரியில் கூடினார்கள். போர்ச்சுகீசியரின் யேசு சபையாருக்கு இனிப் பணிய மாட்டோம் என்று சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்ய வேண்டும். இத்தனை பேரும் ஒரு சிலுவையை எப்படித் தொடுவது? சிலுவையில் கயிறுகளைக் கட்டி, கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்! இழுத்த இழுப்பில் சிலுவையே சாய்ந்துவிட்டதாம். கூனன் குரிசு சத்தியம் என்று சரித்திரத்தில் பெயர்!

கோவாவிலிருந்து புலம்பெயர்ந்த கொங்கணிகளின் திருமலைக் கோயில் இருக்கும் செர்லாய், நடந்து போகும் தூரம்தான். டச்சு ஆளுநர் வான் ரீடு மலபார்ச் செடிகொடிகளைப் பற்றி ஒரு மாபெரும் நூல் தயாரித்தாரே, அதற்குக் கைகொடுத்தவர்களில் மூன்று பேர் கொச்சிக் கொங்கணி வைத்தியர்கள்! ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர். கூடவே சேர்த்தலைப் பக்கத்து ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன். நூலின் பெயர் ‘ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்’. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. 12 தொகுதிகள்! 742 தாவரங்கள்!

கொங்கணி, குஜராத்தி, கச்சி, உருது, மராத்தி, தெலுங்கு, தமிழ்... பேசாத மொழி எது என்று கேட்பது சுலபம்! சில சதுர கிலோமீட்டரில் 30-க்கும் மேற்பட்ட சமூகங்கள்!

மதியம் பசிக்கிறதா? குஜராத்தித் தெருவில் காண்ட்வியும் ஜிலேபியும். கொஞ்சம் நடந்தால் கயீஸ் பிரியாணி. பாசுமதி கிடையாது, குட்டைக் கைமா அரிசி! தொட்டுக்கொள்ளப் பேரீச்சம்பழ ஊறுகாய்! வெயிலுக்குக் குலுக்கி சர்பத். எலுமிச்சை, ஊறவைத்த சப்ஜா விதை, கீறிய பச்சை மிளகாய். ஆமாம், சர்பத்தில் மிளகாய்தான்!

சாப்பிட்டதும் ஃபோர்ட் கொச்சிப் பக்கம் வெளி மைதானத்தருகே தோபி கானாவுக்குப் போங்கள். காதில் விழுவது தமிழ்! டச்சுக்காரர்கள் தங்கள் சிப்பாய்களின் உடுப்பைத் துவைக்கத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவந்த வண்ணார் குடும்பங்களின் வாரிசுகள் இவர்கள். டச்சுக்காரர்கள் போனார்கள். பிரிட்டிஷார் வந்து, அவர்களும் போனார்கள். இவர்கள் போகவில்லை! கொடியில் ஒரு கிளிப்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு கயிறுகளை முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். அந்த முறுக்கைப் பிரித்துத் துணியின் முனையைச் செருகினால் போதும். கடற்காற்று எவ்வளவு அடித்தாலும் சட்டை நழுவாது! கஞ்சி போட்ட வேட்டிகள் பாய்மரம்போல் விடைத்து நிற்கும். இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி இதுதான். பட்டியலிலிருந்து இதை மட்டும் அடித்துவிடாதீர்கள்!

வாஸ்கோடகாமா இறந்தது எங்கே? கொச்சியில்! 1524, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள். புனித பிரான்சிஸ் ஆலயத்தில் புதைத்தார்கள். 1539-ல் உடலைப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோனார்கள். கல்லறைக் கல் மட்டும் இன்னும் இங்கேயே இருக்கிறது!

அதே ஆலயத்தில் நிமிர்ந்து பாருங்கள். நீள நீளமான துணி விசிறிகள்! கயிறு சுவரைத் தாண்டி வெளியே போகும். வெளியில் நின்று ஆள் இழுக்க, உள்ளே துரைமாருக்குக் காற்று! கத்தோலிக்கம், டச்சுச் சீர்திருத்தச் சபை, ஆங்கிலிக்கன் என்று மாறி, இப்போது தென்னிந்தியத் திருச்சபை. ஒரே கட்டடம், 4 சபைகள்!

இத்தாலிக்குப் போய் ஓவியம் பார்க்கப் பணமில்லையா? சாந்தா குரூஸ் பசிலிக்காவுக்குள் நுழையுங்கள், நுழைவுக் கட்டணமே இல்லை! பெர்கமோ அருகே பிறந்த அந்தோனியோ மொஸ்கேனி என்ற யேசு சபைச் சகோதரர் தீட்டியவை. டாவின்சியின் கடைசி இராவுணவைப் பின்பற்றிய ஓவியமும் உண்டு. ஆலயத்தின் அர்ச்சிப்பு விழா 1905 நவம்பரில். அதற்குச் சில நாட்கள் முன்புதான் மொஸ்கேனி கண்ணை மூடினார். தன் ஓவியங்களுக்கு நடுவே அந்த விழா நடந்ததை அவர் பார்க்கவே இல்லை!

சாயங்காலம் சீன வலை. ஒரு வலையை இயக்கக் குறைந்தது 4 பேர் வேண்டும். மேலே ஏறியிருப்பவர் மரத்தில் முன்னால் நடந்தால் போதும், வலை தண்ணீரில் இறங்கிவிடும்! தூக்குவதற்குத்தான் கயிற்றை இழுக்க வேண்டும். கயிறு கயிறாகத் தொங்கும் பாறாங்கற்கள் பாதிப் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். வலை மேலே வர வர, கற்கள் ஒவ்வொன்றாகத் தரையில் உட்காரும். மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை. 500 ஆண்டுகளுக்கு மேலான பொறியியல்! கேட்டால் உங்களையும் ஒரு இழுப்பு இழுக்க விடுவார்கள்!

கொச்சி-முசிறி பினாலே கலைவிழா முதன்முதலில் தொடங்கிய தேதி 12-12-12! முக்கிய அரங்கு ஆஸ்பின்வால் ஹவுஸ். அதுவும் மிளகும் கயிறும் குவிந்து கிடந்த ஏற்றுமதிக் கிடங்குதான்!

திரும்பும்போது வாட்டர் மெட்ரோவில் ஏறுங்கள். 2023-ல் ஓடத் தொடங்கிய ஏசி படகுகள், பேட்டரியில் ஓடுகின்றன. திட்டம் முழுமையானால் 10 தீவுகள், 78 படகுகள்!

கடைசியாக ஒன்று! பகலில் மட்டாஞ்சேரியிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு நடந்தீர்களே, அப்போது ஒரு பழைய எல்லையைத் தாண்டினீர்கள். மட்டாஞ்சேரி கொச்சி ராஜாவின் ஊர். ஃபோர்ட் கொச்சியோ பிரிட்டிஷ் கொச்சி, மலபார் மாவட்டத்தின் ஒரு துண்டு. மலபார் யாருடையது? மெட்ராஸ் மாகாணத்துடையது! சுதந்திரம் வந்த பிறகும் அப்படியே நீடித்தது. வாஸ்கோடகாமாவின் கல்லறையும் சீன வலைகளும் 1956 அக்டோபர் 31 வரை நம்ம மெட்ராஸ் மாநிலத்தில்தான் இருந்தன!