அத்தை இறங்கிய ஸ்டேஷன்

நாங்கள் மாரேட்பள்ளியில் குடியேறிய புதிதில், தஞ்சாவூரிலிருந்து அத்தை முதன்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தார். "சென்னையில் சார்மினார் எக்ஸ்பிரஸில் ஏறி, ஹைதராபாத் வந்ததும் இறங்குங்கள். நான் ஸ்டேஷனில் நிற்பேன்" என்று கடிதம் எழுதியிருந்தேன். நான் நின்றது செகந்திராபாத்தில். அத்தையோ 'ஹைதராபாத்' என்ற பலகையை எதிர்பார்த்து நாம்பள்ளி வரை போய்விட்டார். ஒன்றரை மணி நேரம் கழித்து, டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தவரை ஒருவழியாகக் கண்டுபிடித்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஏன்டா, நீ எழுதினபடிதானே இறங்கினேன்?"

எனக்குத் தெரிந்தது அவருக்கும் தெரியும் என்று நினைத்து எழுதியது என் தவறு.

இத்தனை வருடம் கழித்து இதை நினைவூட்டியவள், ஹைடெக் சிட்டியில் வேலை பார்க்கும் என் அக்கா மகள். மென்பொருளுக்கு விளக்கக் குறிப்பு எழுதுவது அவள் பணி. "முன்பெல்லாம் மனுஷங்க படிக்க எழுதினேன் மாமா, இப்போ ஏ.ஐ. படிக்கவும் எழுதறேன்" என்றாள்.

ஏ.ஐ. ஏஜென்ட் என்பது கேள்விக்குப் பதில் சொல்வதோடு நிற்காமல், நமக்காக வேலையையும் செய்து முடிக்கும் மென்பொருள். டிக்கெட் தேட ஒரு கருவி, பதிவு செய்ய ஒன்று, ரத்து செய்ய ஒன்று என்று அதன் கையில் பல கருவிகள் இருக்கும். ஒவ்வொன்றோடும் ஒரு குறிப்பு உண்டு: கருவியின் பெயர் என்ன, எதற்குப் பயன்படும், என்ன விவரம் தரவேண்டும், பதிலாக என்ன வரும். இப்படிக் கருவிகளை ஏ.ஐ.யோடு இணைக்க, 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்ற பொது முறையை வெளியிட்டது. எந்த முறையானாலும், ஏ.ஐ.க்கு வழிகாட்டுவது அந்தக் குறிப்புதான். அது தெளிவாக இல்லாவிட்டால் பல சமயம் தானாகவே ஊகித்து, அந்த ஊகத்தின் மேலேயே அடுத்த காரியத்தையும் செய்துவிடும். காசு போவது நம்முடையது.

எப்படி எழுதக்கூடாது என்பதைப் பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார். நன்னூல் பாயிரத்தில் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை அவர் பட்டியலிடுகிறார். ரயில் டிக்கெட் கருவி ஒன்றைக் கற்பனை செய்து, அவற்றில் நான்கை மட்டும் பொருத்திப் பார்ப்போம்.

முதலாவது, குன்றக் கூறல். 'பயணத் தேதி தருக' என்று மட்டும் எழுதினால் 03-04 என்பது ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ? நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையை ஓர் உதாரணத்தோடு சொல்லவேண்டும்.

அடுத்தது, மயங்க வைத்தல். 'ஹைதராபாத்' என்றால் நாம்பள்ளியா, செகந்திராபாத்தா, காச்சிகுடாவா? ரயில்வே குறியீட்டில் சென்னை சென்ட்ரல் எம்.ஏ.எஸ்., எழும்பூர் எம்.எஸ். ஓர் எழுத்து விட்டால் வேறு ஸ்டேஷன்! ஊர் பெயர் போதாது, ஸ்டேஷன் குறியீடு வேண்டும் என்று குறிப்பிலேயே இருக்கவேண்டும்.

மூன்றாவது, மிகைபடக் கூறல். எல்லாவற்றையும் பத்துப் பக்கம் எழுதி வைத்தால் முக்கியமான வரி அதில் புதைந்துவிடும். 'பதிவு செய்ததும் பணம் கழிக்கப்படும், அதற்குமுன் பயணியிடம் கேட்டு உறுதி செய்க' என்ற வரிதான் முதலில் கண்ணில் படவேண்டும்.

நான்காவது, மாறுகொளக் கூறல். 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. கருவி மாறி, குறிப்பு பழையபடி 120 என்றே இருந்தால் ஏ.ஐ. திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டு நிற்கும். அப்போதும் வெறுமனே 'தவறு' என்று பதில் வந்தால் பயனில்லை. 'தேதி 60 நாளைத் தாண்டுகிறது, அதற்குள் ஒரு தேதி தருக' என்று வந்தால் அது தானே திருத்திக்கொள்ளும்.

ஆந்த்ரோபிக் நிறுவனமே தன் அனுபவம் ஒன்றை 2024 டிசம்பரில் எழுதியது. நிரல் எழுதும் தங்கள் ஏஜென்ட், வேலைக்கு நடுவே ஃபோல்டர் மாறியதும் ஃபைல் இருக்கும் இடத்தைத் தவறாகக் குறிப்பிட்டதாம். 'தெருக்கோடி வீடு' என்பது போன்ற அரைகுறை முகவரிதான் காரணம். எப்போதும் முழு முகவரியே தரவேண்டும் என்று கருவியை மாற்றி அமைத்ததும் பிழை நின்றது. திருத்தியது ஏ.ஐ.யின் மூளையை அல்ல, கருவி கேட்கும் விதத்தை.

எங்கள் பெண் எழுதியதை உடனே அனுப்புவதில்லை. அந்த வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, "இதை மட்டும் படிச்சு செஞ்சு காட்டுங்க" என்பாளாம். அவர் எங்கே தயங்குகிறாரோ அந்த வரியைத் திருத்துவாளாம்.

இதை நம் வீட்டிலும் செய்து பார்க்கலாம். அடுத்த முறை தாத்தா, பாட்டி ஊரிலிருந்து கிளம்பும்போது, செர்லபள்ளி ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வரும் வழியைத் தமிழில் பத்தே வரியில் எழுதி அனுப்பும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அவர்கள் யாரிடமும் விசாரிக்காமல் வாசலில் வந்து நின்றால், பிள்ளை தேறிவிட்டது என்று அர்த்தம்.