சப்காவின் நிறங்கள்

வளைகுடாவில் வாழும் எமக்கு, இந்நாட்டு நிலம் என்றவுடன் மணலின் ஒரே நிறமே நினைவுக்கு வரும். ஆயினும் அபுதாபிக்கு மேற்கே, கடற்பெருக்கு எட்டும் உப்புச் சமவெளிகளின் ஓரத்தில் பல நிறங்கள் மறைந்துள்ளன. அரபு மொழியில் சப்கா எனப்படும் இச்சமவெளிகளை 1960களில் இலண்டன் இம்பீரியல் கல்லூரி நிலவியலாளர்கள் விரிவாக ஆராய்ந்தனர்.

அங்கே சேற்றின் மீது தோல் போன்றதொரு படலம் படர்ந்திருக்கும். அதனை வெட்டிப் பார்த்தால் மேலே கபிலம், அடுத்துப் பச்சை, அதன் கீழ் ஊதா கலந்த செம்மை, அடியில் கறுப்பு எனப் பெரும்பாலும் அடுக்கடுக்காகத் தோன்றும். இவை எதனால் உண்டாயின?

கண்ணால் மட்டும் நோக்கி முடிவு செய்தல் ஆகாது. நிறப்பொருள் எத்திரவத்திற் கரைகின்றது என முதலிற் பார்ப்பர். பின்னர் கரைசலினூடே ஒளியைச் செலுத்தி, எந்த அலைநீளம் உறிஞ்சப்படுகின்றது என அளப்பர். பச்சை அடுக்கில் வாழும் சயனோபற்றீரியாக்களில் இரு முக்கிய நிறப்பொருள்கள் உள. பச்சையம் அசற்றோனிற் கரைந்து, 663 நனோமீற்றரை அண்டிச் செவ்வொளியை உறிஞ்சும். பைக்கோசயனின் என்னும் நீலப்பொருளோ நீரிற் கரைந்து, 620 நனோமீற்றரை அண்டி உறிஞ்சும். மேலடுக்கின் கபிலநிறச் சைற்றோனமின் புறஊதாக் கதிர்களைத் தடுக்கும் குடையாகும். செம்மை அடுக்கின் கந்தகப் பற்றீரியாக்கள், எமது கண்ணுக்குப் புலனாகாத செந்நிறக்கீழ் ஒளியையும் பயன்படுத்துகின்றன. அடியிலுள்ள கறுப்போ உயிர்கள் ஆக்கிய நிறப்பொருளே அன்று. அது இரும்புச் சல்பைட்டு. அமிலம் பட்டால் அழுகிய முட்டை மணம் எழுவதால் அதனை அறியலாம்.

மாணவர்களே, இதனை வீட்டிலும் ஓரளவு சோதிக்கலாம். கடைகளில் விற்கும் ஸ்பிருலினாத் தூளும் சயனோபற்றீரியாவே. பெற்றோர் துணையுடன், சிறிதளவு தூளைக் குளிர்நீரிலும், சிறிதளவை மருந்துக்கடை ஸ்பிரிற்றிலும் ஓரிரவு ஊறவைத்து, வடிதாளால் வடித்துப் பாருங்கள். நெருப்பை அருகே கொணர வேண்டாம். நீரில் நீலமும் ஸ்பிரிற்றிற் பச்சையும் இறங்கும். ஒரே தூளில் இரு நிறப்பொருள்கள் இருந்தமை அப்போது புலப்படும்.

இப்படலம் சேற்றைப் பிணைத்துக் காக்கின்றது. ஏறத்தாழ 350 கோடி ஆண்டுகளுக்கு முந்திய பாறைகளிலும் இத்தகைய படலங்களின் சுவடுகள் காணப்படுகின்றன. இத்துணைத் தொன்மையான வாழ்க்கை முறை, ஒரு வண்டிச் சக்கரம் உருண்டாலே கிழிந்துபோகும் மென்மையில் இன்றும் தொடர்கின்றது. ஆதலால் விடுமுறையிற் கடற்கரை செல்லும் பெற்றோரும் பிள்ளைகளும் வெறுநிலம் என எண்ணி அதன்மீது வாகனம் ஓட்டாதிருப்போமாக. அது வெறுநிலம் அன்று.