வேலை, குடும்பம், பட்டம் – சேருமுன் ஒரு கணக்கு

நம் சங்க விழாக்களில், சாப்பாட்டுப் பந்தியில் அமர்ந்தால் போதும், யாராவது ஓர் இளைஞர் கேட்டுவிடுகிறார்: "சார், டிப்ளமோவோடு நின்றுவிட்டேன். வேலையை விடாமல் பட்டம் வாங்க முடியுமா?" முடியும். ஆனால் பணம் கட்டுமுன் சிலவற்றைத் தெரிந்து கொள்வது நல்லது.

1962இல் டில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. 1985இல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. இன்று வகுப்பே கைபேசியில் நடக்கிறது. 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதியுள்ள தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் கல்லூரிக்குச் சென்று வாங்கிய பட்டத்துக்குச் சமம். பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. நீங்கள் சேரும் படிப்புக்கு, சேரும் பருவத்துக்கு அனுமதி உண்டா என்று மானியக் குழுவின் பட்டியலில் பாருங்கள்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இன்னொரு விஷயம். மாநிலப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலைக் கல்வியைத் தம் எல்லைக்குள்தான் நடத்தலாம். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் மையம் என்று இங்கே யாராவது பலகை மாட்டியிருந்தால் விசாரியுங்கள். இணையவழிப் படிப்புக்கு இந்த எல்லை கிடையாது.

என் போன்ற டிப்ளமோக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பொறியியல் பட்டத்தைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ பெற முடியாது. உரிய அனுமதியின்றிச் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அஞ்சல்வழியில் கொடுத்த பொறியியல் பட்டங்கள் செல்லாது என்று 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பட்டத்தை வைத்துப் பதவி உயர்வு பெற்றவர்களின் கதியை எண்ணிப் பாருங்கள். எங்கள் காலத்தில் கைகொடுத்த ஏ.எம்.ஐ.இ. தேர்வுக்கும், 2013 மே 31 வரை பதிவு செய்தவர்களுக்குத்தான் பட்டத்துக்கு இணையான அங்கீகாரம். இப்போது வேலையில் இருப்போருக்கென நேரம் மாற்றி வகுப்பு நடத்தச் சில கல்லூரிகளுக்குத் தொழில்நுட்பக் கல்விக் குழு அனுமதி தந்திருக்கிறது. அது ஒன்றே நேர்வழி.

இனி நேரக் கணக்கு. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. 120 கிரெடிட் உள்ள மூன்றாண்டுப் பட்டத்துக்கு 3,600 மணி. மூன்றே ஆண்டில் முடிக்க வாரம் 23 மணி வேண்டும். ஷிப்டு வேலைக்காரருக்கு இது நடக்காது. ஆறு ஆண்டாகப் பரப்பினால் தினம் ஒன்றே முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவு. மூன்றாண்டுப் படிப்புக்கு அங்கே அவ்வளவு அவகாசம் உண்டு. வெட்கப்படாமல் அதை எடுத்துக் கொள்ளுங்கள்.

அந்த ஒன்றே முக்கால் மணி எங்கிருந்து வரும்? வீட்டிலிருந்துதான். எங்கள் குடியிருப்பில் இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருவர், பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்தபடியே ஐந்தாண்டில் பட்டம் முடித்தார். அதிகாலை நாலரை முதல் ஆறு வரை அவர் படிப்பார். காலைச் சமையல் கணவர் பொறுப்பு. "இந்த வயசுல என்ன படிப்பு?" என்று முதலில் முணுமுணுத்த மாமியார்தான் பிறகு மாலையில் பேரப்பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் படிக்கச் செய்தார். தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் வரும். ஊருக்குப் போவதும் வைகாசி முகூர்த்தமும் அதே சமயம்தான். ஒரு வருடம் நாத்தனார் மகள் கல்யாணத்துக்கே அவர் போகவில்லை. உறவில் பேச்சு வந்தது. கணவர் மட்டும் போய் மொய் எழுதிவிட்டு, எல்லோருக்கும் பதிலும் சொல்லிவிட்டு வந்தார். இன்று அவர் அதே அலுவலகத்தில் ஒரு படி மேலே இருக்கிறார்.

ஆகவே, விண்ணப்பம் போடுமுன் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். யார் சமைப்பது, யார் பிள்ளைகளைப் பார்ப்பது, எந்த ஜூனில் ஊருக்குப் போவதில்லை என்று முடிவு செய்யுங்கள். அரசுப் பணியில் இருப்போர் அலுவலக அனுமதியும் பெற்றுவிடுங்கள். பட்டத்தில் ஒருவர் பெயர்தான் இருக்கும். உழைப்பு வீடு முழுவதும் போட்டது. துணிந்து தொடங்குவோருக்கு என் வாழ்த்துகள்.