காவடி சுமக்கும் கால்கள்: பாத மருத்துவரைக் காணச் செல்லுமுன்

தைப்பூசத் திருநாள் நெருங்கிவிட்டால் சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயம் வரை, 3 கிலோ மீட்டருக்கும் அதிகமான தொலைவை வெறுங்காலுடன் நடந்து நேர்த்திக்கடன் செலுத்தப் பக்தப் பெருமக்கள் ஆயத்தமாகின்றனர். விரதம் தொடங்குகிறது, பரணிலிருந்து காவடி இறங்குகிறது, மயிற்பீலிகள் சரிபார்க்கப்படுகின்றன. ஆனால் அத்தனை சுமையையும் தாங்கப்போகும் பாதங்களை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பல்லாண்டுகளாகத் தவறாது காவடி எடுத்துவந்த ஐம்பத்தெட்டு வயது அன்பர் ஒருவர், ஒரு பூசத்தன்று இரவு இல்லம் திரும்பினார். கூடத்துத் தரையில் இரத்தக் கறை படிந்திருப்பதைக் கண்டவர் அவருடைய மனைவியே. உள்ளங்காலில் சிறு கண்ணாடித் துண்டொன்று தைத்திருந்தது. அவரோ அதை உணரவேயில்லை. "முருகன் அருளால் வலிக்கவில்லை" என்று அவர் மகிழ்ந்தார். பலதுறை மருந்தக மருத்துவர் மகிழவில்லை. நீரிழிவு நோயாளியான அவருக்குப் பாத மருத்துவரைக் காணும்படி பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

நீரிழிவு நீண்டகாலம் கட்டுக்கடங்காதிருந்தால் பாதங்களின் நரம்புகள் மெல்ல மெல்ல உணர்விழக்கின்றன. இரத்த ஓட்டமும் குன்றலாம். அந்நிலையில் சிறு புண் ஆறாது புரையோடி, விரலையோ காலையோ அகற்றும் நிலைக்கும் கொண்டுசெல்லக் கூடும். சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வில், மற்ற இனத்தவரைக் காட்டிலும் இந்தியரிடையே நீரிழிவு மிகுந்திருந்தது. 2016இல் சுகாதார அமைச்சு இந்நோய்க்கு எதிராகப் போரே தொடுத்தது. ஆகவே இது யாரோ ஒருவர் வீட்டுச் செய்தியன்று.

மருத்துவரைக் காணும் நாளுக்கு முன்னிரவு, ஆலயத்திற்குச் செல்வதுபோல் தூய்மையாகச் செல்ல வேண்டும் என்று எண்ணிய அந்த அன்பர், குதிகாலில் தடித்திருந்த காய்ப்பைச் சவரக் கத்தியால் சீவ முற்பட்டார். நல்லவேளையாக மகள் பார்த்துத் தடுத்துவிட்டாள். காய்ப்பும் கால் ஆணியும் எங்கே, எவ்வளவு தடித்துள்ளன என்பதைக் கொண்டே பாதத்தின் எப்பகுதி மிகுந்த பாரம் தாங்குகிறது என்று மருத்துவர் கணிக்கிறார். அமிலம் கலந்த ஆணிப் பிளாஸ்திரிகளையும் நீரிழிவுக்காரர் தாமே ஒட்டிக்கொள்ளலாகாது. பெண்மணிகள் நகப்பூச்சை அழித்துவிட்டுச் செல்வது நன்று. நகத்தின் இயல்பான நிறம் தெரிந்தாக வேண்டும். மெட்டி இறுகியிருப்பின் அதையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடலாம். முழங்கால் வரை எளிதில் உயர்த்தக்கூடிய தளர்வான உடையே ஏற்றது.

அடுத்து எழுந்தது காலணிச் சிக்கல். பெரிய மருத்துவரைப் பார்க்கப் போகிறோமே என்று அன்பர் தீபாவளிக்கு வாங்கிய புதுக் காலணியைத் துடைத்து வைத்திருந்தார். உண்மையில் தேவைப்படுவது அன்றாடம் அணியும் பழைய காலணியும் சப்பாத்துமே. அடிப்பகுதி ஒருபுறமாகத் தேய்ந்திருப்பதே நடையின் கதையைச் சொல்லிவிடும். இவற்றோடு பரிந்துரைக் கடிதம், உட்கொள்ளும் மாத்திரைகளின் பட்டியல் (நாட்டு மருந்து உட்பட), அண்மைய இரத்தப் பரிசோதனை முடிவுகள், ஒவ்வாமை விவரம் ஆகியவற்றையும் மகள் ஓர் உறையில் இட்டாள். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்கள் அதைத் தவறாது சொல்ல வேண்டும். எப்போது மரத்துப்போகிறது, எப்போது எரிகிறது என்பதையும் ஒரு தாளில் குறித்துச் செல்வது நலம். மருத்துவர் முன் அமர்ந்ததும் பாதி மறந்துவிடுவது மனித இயல்பு.

அச்சத்திற்கு இடமில்லை. கண்களை மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தம் தரும் மெல்லிய நைலான் இழையால் பாதத்தின் பல இடங்களில் தொட்டுப் பார்க்கின்றனர். இசைக்கவையை விரலெலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்கின்றனர். புறங்காலிலும் உட்கணுக்காலின் பின்புறத்திலும் நாடித் துடிப்பைத் தேடுகின்றனர். மருத்துவரே காய்ப்பைச் சீவும்போது பொதுவாக வலி இருப்பதில்லை.

அன்பர் கண்களை மூடி அமர்ந்திருந்தார். இழை பலமுறை தொட்டது. "ஆம்" என்று அவர் சொன்னதோ இரண்டே முறை. கண் விழித்தபோது மகளின் முகத்தைப் பார்த்துத்தான் விவரம் விளங்கியது.

காவடியைப் பற்றி வாய் திறப்பதில்லை என்ற முடிவோடுதான் அவர் சென்றிருந்தார். சொன்னால் தடுத்துவிடுவார்களே என்ற கவலை! நம்மவர் பலரும் இதைத்தான் மறைக்கின்றனர். எதை மறைத்தாலும் இதை மறைக்கலாகாது. "வெறுங்காலுடன் நடப்பதுண்டா?" என்று மருத்துவரே கேட்டுவிடவே, மனிதர் சற்று நேரம் தரையைப் பார்த்துவிட்டு, அத்தனை ஆண்டுக் கதையையும் கொட்டிவிட்டார். மருத்துவர் பொறுமையுடன் கேட்டார். பிறகு, இந்தப் பாதங்கள் இனி வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலையில் செருப்பின்றி நடக்கலாகாது என்று தெளிவாகவே கூறிவிட்டார். வீட்டிற்குள்ளும் காலணி அணியவும், இரவில் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்கவும் சொன்னார்.

அன்றிரவு அவர் உண்ணவில்லை. மறுவாரம் ஆலய அர்ச்சகரிடம் சென்று முறையிட்டார். நேர்ந்துகொண்டவர் மகனின் கையில் ஒப்படைப்பதில் குற்றமில்லை என்று அர்ச்சகர் ஆறுதல் கூறினார். அடுத்த பூசத்தில் மகன் காவடி எடுத்தார். தந்தை வண்டியில் முன்னதாகவே வந்து, டேங்க் ரோடு சன்னிதியில் பாற்குடங்களை வாங்கி வைக்கும் தொண்டில் நின்றிருந்தார். அவர் காலில் மருத்துவர் இசைவு தந்த தடித்த வெள்ளைக் காலுறை இருந்தது.