வினைக்குள் குடியேறிய ‘இல்லை’

செனகலின் முதல் குடியரசுத் தலைவர் லெயோபோல்ட் செங்கோர் செரீர் இனத்தவர். 1906-இல் ஜோவால் என்ற கடலோர ஊரில் பிறந்தார். ஆப்பிரிக்க மொழிகளுக்கும் திராவிட மொழிகளுக்கும் உறவு உண்டு என்று நம்பிய அவர், 1974-இல் சென்னைக்கே வந்து அதைப் பற்றிப் பேசினார். அந்த உறவை மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. ஏனென்றால், சொல்லோடு ஒட்டுகளைக் கோத்துக்கொண்டே போகும் பழக்கம் உலகில் தொடர்பே இல்லாத பல மொழிகளில் இருக்கிறது. ஆனால் அவருடைய தாய்மொழியான செரீரும் அதன் அண்டை மொழிகளும் ‘இல்லை’ என்று சொல்லும் விதத்தைக் கேட்டால், தமிழ் பேசுகிறவர்கள் கொஞ்சம் நின்றுதான் போவார்கள்.

செனகலின் ஆட்சிமொழி பிரெஞ்சு. அதில் மறுப்பு என்பது வினைக்கு முன்னும் பின்னும் காவல் நிற்கும் இரண்டு சிறு சொற்கள். செரீர், வொலோஃப், புலார் மூன்றும் அப்படியல்ல. மறுப்பை வினையின் வாலிலேயே ஒட்டவைக்கின்றன. செரீரில் வினையின் தலையும் சும்மா இருப்பதில்லை. எழுவாய் பன்மையானால் முதல் மெய்யெழுத்தே மாறிவிடும்: ‘வா’ என்னும் பொருளுள்ள ‘கர்’, பலர் வரும்போது ‘ங்கர்’ ஆகும். தலையில் எண்ணிக்கை, வாலில் மறுப்பு.

நாட்டில் பெரும்பாலோர் பேசுவது வொலோஃப். அதில் ‘டெம்’ என்றால் போவது. ‘டெம் நா’ – போனேன். ‘நான்’ என்பதைக் காட்டும் ‘நா’ வினைக்கு வெளியே தனியாக நிற்கிறது. மறுத்துச் சொன்னால் அந்த ‘நா’ காணாமல் போய் ‘டெமுமா’ என்று ஒரே சொல் வருகிறது: நான் போகவில்லை. ‘டெமுலோ’ – நீ போகவில்லை. ‘டெமுல்’ – அவர் போகவில்லை. ‘டெமுனு’ – நாங்கள் போகவில்லை. உடன்பாட்டில் விலகி நின்ற ஆள், மறுப்பு வந்ததும் வினையோடு கரைந்துவிடுகிறார்.

தமிழ் இதற்கு நேர் எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. போனேன், போனாய், போனாள் என்று விகுதியால் ஆளைக் காட்டும் நாம், ‘போகவில்லை’ என்றதும் அந்த விகுதியைத் தொலைத்துவிடுகிறோம். யார் போகவில்லை என்று அந்தச் சொல் சொல்லாது. பழந்தமிழின் ‘செய்யேன்’, ‘அறியேன்’ வேறு மாதிரி. அங்கே ஆள் உண்டு, காலம் இல்லை. நேற்றா, நாளையா என்பதைச் சூழலை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். இன்னும் வியப்பு, ‘செய்’ என்ற அடிக்கும் ‘ஏன்’ என்ற விகுதிக்கும் நடுவே ‘இல்லை’ என்று பொருள்படும் உருபு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. காலம் காட்டும் உருபு வராததே மறுப்பாகிவிடுகிறது.

மறுக்கும்போது மொழிகள் எதையாவது இழப்பது பரவலான வழக்கம். ஃபின்லாந்து மொழியியலாளர் மட்டி மியெஸ்தாமோ 2005-இல் வெளியிட்ட நூலில் ஏறத்தாழ 300 மொழிகளை ஒப்பிட்டு, உடன்பாட்டில் உள்ள வேறுபாடுகள் மறுப்பில் பல மொழிகளில் குறைந்துபோவதை எடுத்துக்காட்டினார். நடக்காத செயலுக்கு எப்போது நடந்தது, எப்படி நடந்தது என்ற விவரங்கள் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை என்பது ஒரு விளக்கம். எனக்கு அது முழு நிறைவு தரவில்லை, ஏனென்றால் புலாரில் நிலைமை வேறு. ‘மி யஹானி’ என்றால் போகவில்லை. ‘மி யஹத்தா’ என்றால் போகமாட்டேன். ‘எனக்குத் தெரியாது’ போன்ற நிலைகளுக்கு மூன்றாவதாக ஒரு விகுதி, ‘மி அண்டா’. போகவில்லை, போகமாட்டேன், தெரியாது என்று நாமும் மூன்றாகப் பிரித்துத்தானே பேசுகிறோம்!

வொலோஃபும் இந்தப் பிரிவுகளை விட்டுவிடவில்லை. ‘டுமா டெம்’ என்றால் நான் போவதில்லை, போகமாட்டேன். ‘புல் டெம்’ என்றால் போகாதே. இங்கே ‘பு’வைப் ‘புத்தி’யில் வருவதுபோல் ஒலிக்க வேண்டும்.

நான் மிகவும் ரசிப்பது இதற்கு அடுத்த படியை. ‘இன்னும்’, ‘இனி’ என்று தமிழ் தனிச்சொல் போட்டுச் சொல்வதையும் வொலோஃப் விகுதிக்குள் அடக்கிவிடுகிறது. ‘டெமுல்’ – போகவில்லை. ‘டெமகுல்’ – இன்னும் போகவில்லை. ‘டெமத்துல்’ – இப்போதெல்லாம் போவதில்லை. முதலாவது வெறும் மறுப்பு. இரண்டாவதில் எதிர்பார்ப்பு ஒளிந்திருக்கிறது, மூன்றாவதில் ஒரு பழங்கதை. ‘வைத்திருத்தல்’ என்ற பொருள் தரும் ‘அம்’ என்ற வினையோடு இவற்றைச் சேர்த்தால் மனித வாழ்க்கையே நுழைந்துவிடுகிறது. கையில் காசில்லை என்றால் ‘அமுமா’ போதும். திருமணம் ஆகிவிட்டதா, பிள்ளைகள் உண்டா என்று கேட்டால் ‘அமகுமா’ என்று சொல்லலாம்: இன்னும் இல்லை. ‘இல்லை’ என்று கதவை மூடாமல், ஆகும் என்ற நினைப்பையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது நடுவில் நுழைந்த அந்த ‘அகு’.